முழங்கை வலியும் உழைக்கும் கைகளும்

பத்தாம் வகுப்பு மாணவி



நம் உடலில் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு எது என்று கேட்டால், இதயம் என்று பாடப் புத்தகம் விடை கூறும். ஆனால் நாமே ஏவி, நாமே வேலை வாங்கும் உறுப்புகளுள் கைக்கு இணையானது வேறில்லை. விடியலில் வாசல் தெளிப்பது முதல் இரவில் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை அது படும் பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வலி வந்த பிறகுதான் கை ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

எங்கள் அவிநாசியும் சுற்றியுள்ள ஊர்களும் கை உழைப்பால் வாழ்பவை. காலையில் நாங்கள் பள்ளிக்குப் புறப்படும் வேளையில், பனியன் கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர்ச் சாலையில் விரைவதைக் காணலாம். அதே சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடக்கும்போது சிற்பக்கூடங்களில் கல் செதுக்கும் ஓசை கேட்கும். சேவூர்ப் பக்கம் நிலக்கடலை, தெக்கலூர், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி. எங்கே பார்த்தாலும் ஒரே வேலையை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் கைகள்தாம்.

இக்கட்டுரைக்காக நாங்கள், பத்தாம் வகுப்பு மாணவியர் சிலர், எங்கள் தாய்மாரையும் அக்கம்பக்கத்தாரையும், “உங்களுக்கு உடம்பில் எங்கே வலிக்கிறது?” என்று கேட்டு வந்தோம். கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். ஆனால் கை வலி என்று சொன்னவர்களில் பெரும்பாலோர், வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பை இடது கை விரலால் தொட்டு, “இங்கதான்” என்று காட்டினார்கள். ஒருவர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுபவர். ஒருவர் இரண்டு எருமை வைத்துப் பால் கறப்பவர். ஒருவர் கொத்தனார். எங்கள் மடத்தில் நெடுங்காலம் தையல் கற்பித்த சிஸ்டர் ஒருவரும் அதே இடத்தைத்தான் தொட்டார். வேலை வேறு, வயது வேறு, வலிக்கும் இடம் மட்டும் ஒன்று. இஃது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் அந்த வலியைச் சொன்ன விதம் மருத்துவ நூலில்கூட இருக்காது. “சோத்துப் போசியத் தூக்கினா சுள்ளுனு ஒரு இழுப்பு இழுக்குது கண்ணு. கதவுக் குமிழியத் திருப்ப முடியலை. ஈரத்துணி புழியறதுக்குப் புள்ளையக் கூப்புடறேன். சும்மா வெச்சிருந்தா ஒண்ணுமில்லை, எதையாச்சும் புடிச்சாத்தான் நோவு” என்றார். இந்தக் கடைசி வார்த்தையைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பிடித்தால்தான் வலி. முழங்கையை மடக்கினாலும் நீட்டினாலும் வலிக்கவில்லை. பொருளைப் பிடிப்பது விரல்கள், வலிப்பது முழங்கை. ஏன்?

இதற்கு விடை கூறியவர் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவியும், இன்று பிசியோதெரபி மருத்துவம் செய்து வருபவருமான அக்கா ஒருவர். எங்கள் அறிவியல் மன்றக் கூட்டத்திற்கு வந்திருந்த அவர், கரும்பலகையில் எதையும் எழுதாமல், எங்களை ஒரு சோதனை செய்யச் சொன்னார். இதைப் படிக்கும் நீங்களும் செய்து பார்க்கலாம்.

வலது கையை மேசைமேல் உள்ளங்கை கீழே இருக்குமாறு வையுங்கள். இடது கை விரல்களை வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கச் சதையின் மேல் வையுங்கள். இப்போது வலது கையை இறுக்கி முட்டியாக மடக்குங்கள். உங்கள் இடது விரல்களுக்கு அடியில் சதை கெட்டிப்படுவது தெரியும். விரலை மடக்கும் தசைகளோ முன்கையின் உட்பக்கம் இருப்பவை. அப்படியிருக்க வெளிப்பக்கத் தசை ஏன் இறுக வேண்டும்?

அடுத்த சோதனை. மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு மடக்குங்கள். அந்த நிலையிலேயே ஒரு பென்சிலை இறுக்கிப் பிடியுங்கள். பிடிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் எளிதாக உருவிக்கொள்வார். மணிக்கட்டு சற்றே பின்னால் நிமிர்ந்து நின்றால்தான் விரல்களுக்குப் பிடிப்பு உண்டாகும். அவ்வாறு மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்துகின்ற தசைகள் எல்லாம் முன்கையின் வெளிப்பக்கமாக மேலேறி, ஒன்று சேர்ந்து, மேற்கை எலும்பின் கீழ் முனையில் உள்ள அந்தச் சிறிய மேட்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும் இடம் மிகச் சிறியது. ஆகவே நாம் ஒரு கத்தரிக்கோலைப் பிடித்தாலும், சுத்தியலைப் பிடித்தாலும், மாட்டின் மடியைப் பிடித்தாலும், சாக்குக்கட்டியைப் பிடித்தாலும் இழுபடுவது அந்த ஓரிடம்தான். வலிப்பது முழங்கையில், வேலை நடப்பது மணிக்கட்டில். இதைப் புரிந்துகொண்டால் இந்நோயில் பாதியைப் புரிந்துகொண்டதாகும் என்று அக்கா கூறினார்.

தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர் என நாம் உயிரியலில் படித்திருக்கிறோம். தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. தசைநாணுக்குக் குறைவு. அதனால் தசையில் ஏற்படும் சிறு சேதம் சில நாட்களில் ஆறிவிடுகிறது, தசைநாணில் ஏற்படுவது ஆற வாரங்களும் மாதங்களும் பிடிக்கின்றன. பகலில் இழுபட்டது இரவில் முழுதும் செப்பமாகுமுன் மறுநாள் வண்டி வந்துவிடுகிறது. ஞாயிறு ஒரு நாள் ஓய்வு என்றால் அன்றைக்குத்தான் வாரத் துணி முழுவதையும் துவைக்க வேண்டியிருக்கிறது!

இந்த நோய்க்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். அவிநாசியில் டென்னிஸ் ஆடுபவர் எத்தனை பேர் என்று நாங்கள் சிரித்தோம். உண்மையில் இந்நோய் உள்ளவர்களில் மிகச் சிலரே டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் என்றும், முப்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்குள் மிகுதியாகக் காணப்படுகிறது என்றும் மருத்துவர்கள் கணித்துள்ளனர். அதாவது நம் தாய் தந்தையரின் வயது.

பெயர் வந்த கதை சுவையானது. 1873-ஆம் ஆண்டில் ரூங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்த வலியை முதன்முதலில் விவரித்து எழுதியபோது, அவர் பேசியது பந்தாட்டக்காரர்களைப் பற்றியன்று, எழுதி எழுதிக் கை நோவு கண்டவர்களைப் பற்றி. பத்து ஆண்டுகள் கழித்து, 1883-இல், இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் புல்தரை டென்னிஸ் ஆடுவோரின் முழங்கை வலி பற்றிய குறிப்பு வெளிவந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எழுத்தர்களின் வலியைச் சீமான்களின் விளையாட்டு தன் பெயரில் எழுதிக்கொண்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாசீனி. தொழிலாளர்களுக்குத் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்றும் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். எழுத்தர்களின் துன்பத்திற்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. இடைவிடாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் ஓயாது அசைவது, கணக்கில் பிழை வந்துவிடுமோ என்று மனம் படும் அச்சம். அவருக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவருக்கு எழுதி எழுதி வலக்கை முற்றும் செயலற்றுப் போயிற்றாம். அவர் விடாமுயற்சியோடு இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் இடக்கைக்கும் அதே கதி நேர்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இச்செய்தியைக் கேட்டபோது, எங்கள் தோழியின் தாயார், “நானும் இப்ப எடது கையிலதான் வெட்டிப் பழகறேன்” என்று மெல்லச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நம் நாட்டில் இந்நோயைப் பட்டிதொட்டியெங்கும் அறியச் செய்தவர் சச்சின் டெண்டுல்கர். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹாலந்தில் போட்டிக்குச் சென்றிருந்தபோது அவருக்கு இடது முழங்கையில் இந்த வலி கண்டது. வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டையின் மேற்பகுதியைப் பிடிப்பது இடக்கையே ஆகும். அவ்வாண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த முதல் இரண்டு டெஸ்ட் ஆட்டங்களிலும், நம் சேப்பாக்கத்தில் நடந்தது உட்பட, அவர் ஆடவில்லை. நாகபுரியில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில்தான் திரும்பினார். ஆயினும் வலி முற்றும் நீங்கவில்லை. 2005 மே மாதம் இலண்டனில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் தில்லியில் இலங்கைக்கு எதிராகத் தமது 35-ஆவது டெஸ்ட் சதத்தை அடித்து, கவாஸ்கரின் சாதனையைத் தாண்டினார் என்பதை நம் அண்ணன்மார் சொல்லக் கேட்டிருப்போம். உலகத்தின் சிறந்த மருத்துவர்களும், உடற்பயிற்சி வல்லுநர்களும் உடன் இருந்தும் ஓராண்டுக்கு மேல் அவரைப் படுத்திய வலி இது. அப்படியானால் விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை என்னும் நிலையில் இருப்பவருக்கு?

இனி மருத்துவத்திற்கு வருவோம். எங்கள் ஊர்களில் முதலில் செய்வது சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவுவது. அடுத்து உப்பு ஒத்தடம், சுக்குப் பற்று. பிறகு மருந்துக் கடையில் வலி மாத்திரை. பிறகு ஊசி. ஒத்தடத்தில் தீங்கு இல்லை. இதமாக இருக்கும், அந்த நேரத்து வலி தணியும். மெல்லத் தடவுவதிலும் தவறில்லை. ஆனால் நோவெடுத்த அந்த எலும்பு மேட்டையே கட்டை விரலால் அழுத்தி ‘வழித்து’ விடுவது, ஏற்கெனவே நைந்த கயிற்றை மேலும் தேய்ப்பது போன்றது. வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நாள்கணக்கில் விழுங்குவதால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்திற்குக் கேடும் உண்டாகக்கூடும்.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் தாய்மாரில் பலர் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். முழங்கையில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி மிக விரைவாக வலியைக் குறைக்கும் என்பது உண்மை. சில வாரங்களுக்கு அற்புதம் போலவே இருக்கும். பின்னர் நடப்பதுதான் சிந்திக்கத் தக்கது. ஆஸ்திரேலியாவில் 165 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. சிலருக்கு உண்மையான ஊசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு சென்ற பின் பார்த்தபோது, வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 96 பேர் குணமாகியிருந்தனர் அல்லது பெரிதும் தேறியிருந்தனர். ஸ்டீராய்டு போட்டவர்களில் 83 பேர்தான். வலி போய் மீண்டும் வந்தவர்கள் வெறும் ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 12 பேர். ஸ்டீராய்டு ஊசிக்காரர்களில் 54 பேர்!

இதற்குக் காரணம் என்ன? நீண்ட காலம் மருத்துவர்கள் இதை அழற்சி நோய் என்றே எண்ணினர். நோயின் மருத்துவப் பெயரும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் நாள்பட்ட நோயாளிகளின் தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அழற்சிக்குரிய அணுக்கள் பெரும்பாலும் காணப்படவில்லை. வரிசையாகப் பாவு நூல் போல் ஓட வேண்டிய இழைகள் சிக்கல் விழுந்து, தாறுமாறாகக் கிடந்தன. அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் 1979-இல் இதை விளக்கி எழுதினார். விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். அறுந்து சிக்கிய பாவை மருந்து தெளித்துச் சரிசெய்ய முடியாது. இழை இழையாகப் பிணைத்துத்தான் ஆக வேண்டும். உடல் அந்த வேலையைத் தானே செய்யும். ஆனால் அதற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, இழுப்பு குறைய வேண்டும். மற்றொன்று, இழுப்பு முற்றிலும் நின்றுவிடவும் கூடாது.

இந்த இரண்டாவது செய்திதான் எங்களுக்கு மிகவும் புதுமையாக இருந்தது. கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் அசைக்காமல் இருந்தால் நோய் தீரும் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அப்படியன்று. அளவான வேலை கொடுத்தால்தான் தசைநாண் வலுப்பெறும். வேலையே இல்லாத கை மெலிந்துபோய், திரும்ப வேலைக்குப் போகும் முதல் நாளே மீண்டும் வலிக்கும்.

முதலில் இழுப்பைக் குறைப்பது எப்படி என்று பார்ப்போம். அக்கா சொன்னவற்றில் எங்கள் தாய்மார் உடனே ஏற்றுக்கொண்டது இது: எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்குமாறு, முழங்கை உடலோடு ஒட்டி மடங்கியிருக்குமாறு தூக்க வேண்டும். உள்ளங்கை கீழே பார்க்க, கையை நீட்டிக்கொண்டு ஒரு நாற்காலியைத் தூக்கிப் பாருங்கள். பிறகு கையை அடியில் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். வேறுபாடு நன்றாகத் தெரியும். சோற்றுப் போசியை விளிம்பில் பிடித்துத் தூக்காமல், இரு கையாலும் அடியில் தாங்கித் தூக்கலாம். ஒரு வாளி நீரை இரண்டு அரை வாளியாகக் கொண்டு வரலாம். ஈரத்துணியை முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு நீரை வடியவிடலாம். சுத்தியல், கொத்துக்கரண்டி முதலியவற்றின் பிடி மிக ஒல்லியாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்கலாம். ஒல்லியான பிடியை மிகுதியாக இறுக்க வேண்டியிருக்கிறது. மழுங்கிய கருவியும் அவ்வாறே. பிசிறு வெட்டும் டிரிம்மர் மழுங்கிவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதலாக அழுத்த வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை வெட்டு என்று அந்தத் தாயார் எண்ணியதே இல்லையாம்.

இவ்விடத்தில் நம் கோயம்புத்தூருக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றுகிறது. எங்கள் அமுச்சிமார் ஆட்டுக்கல்லின் குழவியைச் சுற்றிச் சுற்றி மாவாட்டிய கைக்காரர்கள். 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இட்லிக்கு அவர் செய்த தொண்டைப் பலரும் பாராட்டுகிறார்கள். பெண்களின் முழங்கைக்குச் செய்த தொண்டை யாரும் எழுதக் காணோம்.

வீட்டில் இவ்வளவும் செய்துவிடலாம். கம்பெனியில்? இங்கேதான் சிக்கல். முன்பு கூறிய தோழியின் தாயாருக்குப் பீஸ் ரேட். எத்தனை உருப்படி முடிக்கிறாரோ அதற்கேற்பச் சனிக்கிழமை சம்பளம். “அரை மணிக்கு ஒருக்கா அரை நிமிஷம் கையை ஆத்துங்க” என்று அக்கா சொன்னதும், அவர் வாய்விட்டு அந்த அரை நிமிடத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட் வேறு. அவர் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் கை வலி என்று சொன்னதற்கு, “முடியலைன்னா நின்னுக்கங்க” என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் வலியை வெளியே சொல்வதில்லை. வலியை மறைத்துக்கொண்டு வேலை செய்தால் அது நாள்பட்ட நோயாகிறது. சொன்னால் வேலைக்கு ஆபத்து. எங்களுக்கு இதற்கு எளிய விடை கிடைக்கவில்லை.

ஆயினும் சில வழிகள் இல்லாமல் இல்லை. ஒரே மேசையில் இருக்கும் இருவர் மதிய உணவுக்குப் பின் வேலையை மாற்றிக்கொள்வது ஒன்று. பிசிறு வெட்டுபவர் மடிக்கும் வேலைக்கும், மடிப்பவர் பிசிறு வெட்டவும் போகலாம். இதனால் கம்பெனிக்கு நட்டம் எதுவும் இல்லை என்பதே எங்கள் கருத்து. மேசை முழங்கை உயரத்தில் இருந்தால் மணிக்கட்டு வளையாது. உயரமான மேசைக்குக் காலடியில் ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். இஸ்திரிப் பெட்டியின் பாரத்தை மேலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கவிட்டுத் தாங்கும் முறையும் உண்டு. இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இதைப் படிக்கும் பெற்றோரில் கம்பெனி நடத்துவோரும், சூப்பர்வைசர்களும் இருப்பீர்கள். உங்கள் செக்கிங் மேசையை ஒருமுறை முழங்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு மற்றோர் உதவி உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இத்திட்டத்தில், போதிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்து, இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு வேண்டும் என்று சான்று கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். எங்கள் தாய்மாரில் பலர் அந்த அட்டையைப் பிரசவத்திற்கும் காய்ச்சலுக்கும் மட்டுமே என்று எண்ணி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!

இனி, தசைநாணுக்கு அளவான வேலை கொடுப்பது. இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மேசையும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போதும். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்குமாறு, உள்ளங்கை கீழே பார்க்கப் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் பாட்டில் பாதி நிரம்பியிருந்தால் போதும். மணிக்கட்டை நேராக நிறுத்தி அசைக்காமல் முப்பது எண்ணும் வரை வைத்திருந்து, சற்று ஓய்ந்து, மீண்டும் செய்ய வேண்டும். இவ்வாறு நான்கைந்து முறை. இது பழகிய பின், மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, நோவுள்ள கையை மட்டும் கொண்டு மிக மெதுவாக, ஐந்து எண்ணியபடி, கீழே இறக்க வேண்டும். தூக்குவதைவிட இறக்குவதில்தான் பயன். பத்துப் பதினைந்து முறை செய்து ஓய்ந்து, இவ்வாறு மூன்று சுற்று. சற்றே வலித்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலையில் முன்னைவிட அதிகமாக நோவெடுத்தால், செய்தது மிகுதி என்று பொருள். நீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வலி குறையக் குறைய நீரைக் கூட்டலாம்.

ஒரு வாரத்தில் பலன் தெரியாது. ஆறு வாரத்தில் சிறிது தெரியும். பன்னிரண்டு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். அக்காவிடம் வருபவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்களாம். எங்கள் தோழி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறை நாட்காட்டியில், தாயார் பயிற்சி செய்த நாளில் எல்லாம் சிவப்பு மையால் சுழித்து வந்தாள். செய்யாத நாளில் அவளே பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிரே போய் நிற்பாள். இதை எழுதும்போது ஒன்பதாவது வாரம். போசியைத் தூக்க முடிகிறது, துணி பிழிய இன்னும் முடியவில்லை. அவர் வேறு கம்பெனியில் சேர்ந்து, அங்கே பாதி நாள் செக்கிங், பாதி நாள் பிசிறு வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். வாரச் சம்பளம் முன்னைவிடச் சற்றுக் குறைவுதான்.

முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வேலை நேரத்தில் மட்டும் கட்டினால் சிலருக்கு வலி தணிகிறது. அதை வலிக்கும் எலும்பின் மேலேயே இறுக்கிக் கட்டுவோர் பலர். அதனால் பயனில்லை.

மாணவியராகிய நமக்கு இந்த வலி அரிது. ஆனாலும் பொதுத் தேர்வு நெருங்கும்போது பேனாவை நாம் எப்படிப் பிடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தால் எழுத்து அழகாகிவிடாது. எழுதும்போது முன்கை முழுவதும் மேசைமேல் இருக்கட்டும். செல்பேசியை ஒரே கையில் மணிக்கணக்காகப் பிடித்துக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டிருப்பதைப் பற்றிச் சிஸ்டர்கள் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். நாங்கள் வேறு சொல்ல வேண்டியதில்லை.

எல்லா முழங்கை வலியும் இந்த வலியன்று என்பதையும் கூற வேண்டும். உட்பக்க எலும்பில் வலித்தால் அது விரல்களை மடக்கும் தசைநாண்களின் வலியாக இருக்கலாம். இதே வகைப் பயிற்சி, உள்ளங்கை மேலே பார்க்குமாறு செய்யப்படும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் நரம்பு நெருக்குண்டிருக்கிறது. கழுத்திலிருந்து கை வரை இழுத்தால் கோளாறு கழுத்தில் இருக்கலாம். முழங்கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டாலும், பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தாலும், பாட்டிலும் ஒத்தடமும் வேண்டாம். அவிநாசி அரசு மருத்துவமனையிலோ இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ காட்ட வேண்டும். கீழே விழுந்து அடிபட்டு முழங்கை வீங்கினால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வரை யாரையும் உருவிவிட அனுமதிக்கக் கூடாது. வீட்டில் உள்ள சிறு பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம்.